கன்று வளர்க்கத் தொடங்கிய மருமகனுக்கு

தொழுவத்தில் முதல் கன்று பிறந்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். குடற்புழுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

1. கன்றின் சாணத்தைத் தினமும் குனிந்து பார். கன்று பசித்தாலும் சொல்லாது, வலித்தாலும் சொல்லாது. களிமண் நிறத்தில், மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு கழிந்தால் உருண்டைப்புழு இருக்கக்கூடும். தாய்மாட்டின் உடம்பில் உறங்கிக் கிடக்கும் இளம்புழு, ஈன்றதும் பால் வழியாகக் கன்றுக்குள் போய்ச் சாண் நீளத்துக்கு வளர்ந்துவிடும். பக்கத்துத் தொழுவத்தில் ஒரு கன்றுக்கு வயிறு உப்பியது. பால் குடித்த வயிறு என்று பூரித்துப் போனார்கள். விலா எலும்பை யாரும் தடவிப் பார்க்கவில்லை. கன்று பிழைக்கவில்லை. புழுவுக்குப் பயந்து சீம்பாலை நிறுத்திவிடாதே, கன்றின் எதிர்ப்புச் சக்தியே அதில்தான் இருக்கிறது. பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் மருத்துவரைக் கேட்டுப் பைப்பரசின் கொடு. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை பூச்சி மருந்து.

2. மேய்ச்சலுக்கு விடுவதில் பொறுமை வேண்டும், குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னும் கூடுதலாக. சாணத்தில் கிடக்கும் மற்ற வகைப் புழுக்களின் முட்டை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் இளம்புழு ஈரப் புல்லில் ஏறி நிற்கும். விடிந்ததும் சிற்றாற்றங்கரைக்கு மாட்டை ஓட்டாதே, வெயில் ஏறட்டும். வெயிலே வராத நாளில், நாலு விரல் மேலே விட்டுப் புல்லறுத்துப் போடு.

3. தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால் கண்ணிமையை விலக்கிப் பார். உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. அன்றைக்கே மருத்துவரிடம் போ.

4. மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றாதே. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 50, நீளம் 45 என்றால் சுமார் 170 கிலோ. குறைந்த அளவுக்குத் தப்பிய புழுவின் வம்சம் அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் வேண்டாம். எந்தப் புழு என்று ஐயம் வந்தால் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடு. இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

5. புளியரை தாண்டிக் கேரளத்துக்கு இறைச்சிக்குப் போகும் மாடு என்றாலும் நேர்மை ஒன்றுதான். மருந்து உடம்பைவிட்டு நீங்க எத்தனை நாள் என்று சீட்டில் அச்சிட்டிருக்கும். அந்த நாள் தீரவில்லை என்று என் தாத்தா நல்ல விலையையே வேண்டாம் என்றிருக்கிறார். மருந்து கொடுத்த தேதியைக் குறித்து வை. வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டு.