அட்டவணையின் அமைப்பை அறிதல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓர் அட்டவணையின் நெடுவரிசைகள், தரவு வகைகள், சாவிகள், கட்டுப்பாடுகள் ஆகியவற்றின் தொகுப்பே அதன் அமைப்பு எனப்படும். இவ்விவரங்களும் அட்டவணைகளாகவே சேமிக்கப்பட்டு, மற்றத் தரவுகளைப் போலவே வினவத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என்பது, உறவுசார் தரவுத்தளத்திற்கு எட்கர் காட் 1985-இல் வகுத்த விதிகளுள் நான்காவதாகும். அவ்வாறு சேமிக்கப்பட்ட தொகுப்பு 'கேட்டலாக்' எனப்படுகிறது. அமைப்பைக் காட்டும் கட்டளைகள் யாவும் இதிலிருந்தே விடையை எடுக்கின்றன என்பதை மறப்பதால் சில தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

நம்பிக்கை: அட்டவணையின் அமைப்பைக் காட்டும் 'டிஸ்கிரைப்' எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவான கட்டளை.

உண்மை: மைஎஸ்க்யூஎல்லில் அது சர்வரே ஏற்கும் கட்டளை; ஆரக்கிளிலோ எஸ்க்யூஎல் பிளஸ் போன்ற கருவிகளுக்கு உரியது என்பதால், ஒரு ஜாவா நிரலிலிருந்து அதை நேரே சர்வருக்கு அனுப்பினால் பிழைச் செய்தியே வரும். போஸ்ட்கிரெஸில் வழங்கும் '\டி' என்பதும் அவ்வாறே பிஎஸ்க்யூஎல் என்னும் கருவியின் சுருக்கக் குறியீடாகும். அக்கருவி அதைக் கேட்டலாக் மீதான வினவல்களாக மாற்றியே சர்வருக்கு அனுப்புகிறது.

நம்பிக்கை: 'இன்ட்(11)' என்றால் பதினொரு இலக்க எண்களைச் சேமிக்கலாம்.

உண்மை: மைஎஸ்க்யூஎல்லில் அந்த 11 காட்சி அகலத்தை மட்டுமே குறிக்கும்; 'இன்ட்' எப்போதும் 4 பைட்டுகளையே கொள்வதால், குறியுடைய எண்ணின் உச்சம் 2147483647 ஆகும். குழப்பம் விளைவித்த இந்த அகலக் குறிப்பு 8.0.19 பதிப்பிலிருந்து பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

நம்பிக்கை: 'டிஸ்கிரைப்' காட்டுவதே முழு அமைப்பு.

உண்மை: மைஎஸ்க்யூஎல்லில் 'டிஸ்கிரைப்' தரும் விடையின் 'கீ' என்னும் நெடுவரிசையில் தோன்றும் 'எம்யூஎல்', மதிப்புகள் திரும்ப வரக்கூடிய ஓர் இண்டெக்ஸின் முதல் நெடுவரிசை அது என்பதைச் சொல்லுமேயன்றி, அந்நெடுவரிசை வேறோர் அட்டவணையைச் சுட்டும் அயற்சாவியா என்பதையோ, எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்பதையோ சொல்லாது. மதிப்புகளை வரையறுக்கும் 'செக்' கட்டுப்பாடுகளும் அதில் தோன்றா. இவை அனைத்தையும் அறிய, அட்டவணையை மீண்டும் உருவாக்குவதற்கான கூற்றையே தரும் 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளையை நாடுதல் வேண்டும். ஆயினும், 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் 'செக்' விதியைப் பிழையின்றி ஏற்று, பின்னர் சேமிக்காமலே விட்டுவிட்டன என்பதால், அங்கு உருவாக்கியவர் எழுதிய விதி இக்கட்டளையிலும் கிடைக்காது.

நம்பிக்கை: 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வில் இல்லாத நெடுவரிசை அட்டவணையிலும் இல்லை.

உண்மை: எஸ்க்யூஎல்லின் 1992-ஆம் ஆண்டுத் தரநிலையில் இடம்பெற்ற இந்தப் பொதுக் காட்சித் தொகுப்பு, வினவுபவருக்கு அனுமதி உள்ளவற்றை மட்டுமே காட்டும்; ஆரக்கிளும் எஸ்க்யூலைட்டும் அதை வழங்குவதே இல்லை. போஸ்ட்கிரெஸில் அனுமதியற்ற ஒரு பயனருக்கு அங்கு வெறுமையே கிடைத்தாலும், '\டி' நேரே கேட்டலாக்கை வாசிப்பதால், அதே நெடுவரிசையை அவருக்கே காட்டிவிடும். ஆகவே, வெற்று விடை கிடைத்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது பயனரின் அனுமதியே.