பொருத்தம் அறிந்து பொருத்துக

தில்லியில் வாழும் மாணவி ஒருத்திக்கு அவளுடைய தாத்தா விட்டுச்சென்ற பென்டாக்ஸ் கே1000 கேமரா கிடைத்தது. பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளை அக்கேமராவிலேயே படமெடுக்க அவள் விரும்பினாள். விழா நடப்பதோ இரவில், வீட்டினுள். போதிய வெளிச்சம் இராது. படச்சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். எடுத்ததை உடனே பார்த்துத் திருத்தவும் வழியில்லை. ஆகவே, ஏற்ற ஃபிளாஷ் விளக்கு ஒன்றைத் தேடிச் சாந்தினி சௌக்கின் கேமராக் கடைகளுக்குத் தந்தையுடன் சென்றாள்.

பழைய ஃபிளாஷ்களுள் பல, கேமராவின் மேலுள்ள ‘ஹாட் ஷூ’ என்னும் தாங்கியில் எளிதாகச் செருகிக்கொள்ளும். ஆயினும், செருகிக்கொள்வது வேறு, பொருந்துவது வேறு. பொருத்தம் அறிய நான்கு செய்திகளை நோக்க வேண்டும்.

முதலாவது, தொடர்பு. கே1000 கேமராவின் தாங்கியில் நடுவில் ஒரே ஒரு மின்தொடுபுள்ளி உண்டு. நடுப்புள்ளியால் இயங்கும் ஃபிளாஷ் அதற்கு ஏற்றது. எல்லாக் கேமராக்களும் இவ்வாறு அமைவதில்லை. நிக்கான் எஃப்3 கேமராவின் தாங்கி தனி வடிவம் உடையது. பொதுவகை ஃபிளாஷைப் பொருத்த இணைப்பான் தேவை.

இரண்டாவது, நேரம். கே1000 கேமராவின் ஷட்டர் இரண்டு துணித்திரைகளால் ஆனது. ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு வேகம்வரை, படச்சட்டம் முழுவதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும். அதைவிட விரைந்தால், முதல் திரை முழுதும் விலகுமுன்பே இரண்டாம் திரை மூடத் தொடங்கும். ஃபிளாஷ் ஒளியோ கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாகவே நிற்கும். ஆதலால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

மூன்றாவது, ஒளியளவு. ஃபிளாஷின் ஆற்றலை ‘வழிகாட்டி எண்’ உணர்த்தும். அவ்வெண்ணைத் தொலைவால் வகுத்தால் துளை எண் கிடைக்கும். 100 ஐ.எஸ்.ஓ. படச்சுருளுக்கு வழிகாட்டி எண் 28 எனக் கொள்வோம். ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படமெடுக்கத் துளை எண் 5.6 ஆக அமைய வேண்டும். தன் முகப்பிலுள்ள உணர்கண்ணால் ஒளியைத் தானே அளந்து நிறுத்தும் தானியங்கி ஃபிளாஷும் கே1000 கேமராவுக்கு ஏற்றதே. கேமராவே ஒளியை அளக்கும் டி.டி.எல். முறையை மட்டும் நம்பிய ஃபிளாஷ் இதற்கு உதவாது. அவ்வசதி இக்கேமராவில் இல்லை.

நான்காவது, மின்னழுத்தம். சில பழைய ஃபிளாஷ்களின் தொடுபுள்ளியில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். கே1000 போன்ற இயந்திரக் கேமரா அதைத் தாங்கும். அதே ஃபிளாஷைப் புதிய டிஜிட்டல் கேமராவில் செருகினால் அதன் மின்சுற்றுப் பழுதாகலாம். மின்கலத்தை நீக்கிய பின்னும் ஃபிளாஷினுள் மின்சாரம் தங்கியிருக்கும். அதனைத் திறந்து பார்த்தல் ஆகாது.

மாணவி தானியங்கி ஃபிளாஷ் ஒன்றைத் தேர்ந்தாள். படச்சுருள் இடுமுன், கேமராவின் பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சுவரை நோக்கி ஷட்டரை இயக்கினாள். பின்புறமாகப் பார்த்தபோது படச்சட்டம் முழுவதும் ஒளிர்ந்தது.

படங்கள் கழுவி வந்தன. பாட்டியின் முகம் தெளிவாக விளங்கியது. இரண்டு படங்கள் மட்டும் பாதி கறுத்திருந்தன. விரைவில் ஷட்டர் சக்கரம் 125க்கு நகர்ந்ததே காரணம் என்பதை எவரும் சொல்லாமலே அவள் அறிந்துகொண்டாள். அவ்விரு படங்களையும் அவள் எறியவில்லை. பாட்டியின் படத்திற்கு அடுத்த பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

அருஞ்சொற்பொருள்
படச்சுருள் – பிலிம்
துளை எண் – லென்சின் திறப்பைக் குறிக்கும் எண்
மின்கலம் – பேட்டரி

பயிற்சி
1. ‘செருகிக்கொள்வது வேறு, பொருந்துவது வேறு’ – விளக்குக.
2. வழிகாட்டி எண் 32. தொலைவு 4 மீட்டர். துளை எண் யாது?
3. இரண்டு படங்கள் பாதி கறுத்தமைக்குக் காரணம் என்ன?
4. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்கள் எழுதுக.