சிலந்திக் குஞ்சும் புளியமரப் பொந்தும்

கேள்வி: கூரியரில் டரான்டுலா குஞ்சு ஒன்று வாங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். முதல் வாரம் நன்றாகத் தின்றது. இப்போது பன்னிரண்டு நாளாக மீல்வார்மைத் தொடவே இல்லை. வயிறு கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவர், எழுமலை

பதில்: பயப்படாதீர்கள் தம்பி, சட்டை உரிக்கப் போகிறது. வயிறு கறுப்பதும் இரையை மறுப்பதும் அதற்கு முன்னால் வருகிற அடையாளம்தான். ஆனால் உள்ளே போட்ட மீல்வார்மை இந்த நிமிடமே எடுத்துவிடுங்கள். சட்டை உரித்த உடம்பு மெத்தென்று இருக்கும்போது அந்தப் புழுவே சிலந்தியைத் தின்றுவிடும். நான் வளர்த்த முதல் குஞ்சை அப்படித்தான் பறிகொடுத்தேன். உரித்த பிறகும் ஒரு வாரம் பொறுங்கள். புதுப் பல் வெள்ளையாக வந்து, சிவந்து, கறுக்கும். கறுத்த பிறகு இரை வையுங்கள். அதுவும் சிலந்தியின் வயிற்றைவிடச் சிறிய துண்டாக, தலையை நசுக்கி.

என்ன இனம், யாரிடம் வாங்கினீர்கள், என்ன தாள் கொடுத்தார் என்று எழுதவே இல்லையே? கடைசிப் பதிலையும் அவசியம் படியுங்கள்.

கேள்வி: காலையில் பார்த்தால் என் டரான்டுலா மல்லாக்கக் கிடக்கிறது. அம்மா குப்பையில் போடச் சொல்கிறார்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: போடாதீர்கள். தொடாதீர்கள், ஊதாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள். டரான்டுலா மல்லாந்து படுத்துத்தான் சட்டை உரிக்கும். செத்ததென்றால் பெரும்பாலும் காலை உள்ளே சுருட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கும்.

கேள்வி: சித்திரை வெயிலில் குஞ்சு தாங்குமா? தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். எறும்புத் தொல்லையும் உண்டு. இரவில் அதே அறையில் கொசுவர்த்தி ஏற்றுவோம். பாதிக்குமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: கடைசியாகக் கேட்டதை முதலில் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வருகிற "திடீரென்று செத்துவிட்டது" கடிதங்களில் கொசுவர்த்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே, எறும்பு சாக்பீஸ் இவற்றில் ஏதாவது ஒன்று வராமல் இருப்பது அபூர்வம். பூச்சியின் நரம்பைத் தாக்கவென்றே செய்த மருந்து சிலந்தியின் நரம்பையும் தாக்கும். குஞ்சுக்கு அதில் துளி போதும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். முடியாதென்றால் சிலந்தி வளர்க்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். அடுக்களையில் பிடித்த கரப்பானையும் இரையாக வைக்காதீர்கள். அது எந்த மருந்தை மிதித்து வந்ததோ தெரியாது.

எறும்புக்கு நம் பாட்டிமார் வழியே போதும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் குப்பியை வையுங்கள். வெயிலைவிடக் குஞ்சைக் கொல்வது வறட்சி. அதற்காகத் தினமும் மழை பெய்ய வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தென்னை நார்த்தூளின் ஒரு ஓரத்தை மட்டும் இங்க் ஃபில்லரால் நனையுங்கள், மறு ஓரம் காய்ந்தே இருக்கட்டும். தகரக் கூரைக்கு அடியில் வைக்காமல், வீட்டின் குளிர்ந்த மூலையில் தரையோடு வையுங்கள். மூடியில் காற்றுத் துளை வேண்டும்.

கேள்வி: கையில் ஏறவிட்டு வீடியோ எடுக்கலாமா?
– மதுரை

பதில்: கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துவிடக்கூடும்.

கேள்வி: எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் அக்கி வருமாமே?
– செக்கானூரணி

பதில்: வராது. அக்கி வைரஸால் வருவது, டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊரணிக்கரைப் புளியமரப் பொந்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தியும், கூடவே ஏழெட்டுக் குஞ்சுகளும் இருக்கின்றன. இரண்டைப் பிடித்து வளர்க்கலாமா? ஒருவர் நல்ல விலை தருவதாகவும் சொல்கிறார்.
– பேரையூர் வட்டாரம்

பதில்: வேண்டாம் ஐயா. படம் பார்க்காமல் இனம் சொல்ல மாட்டேன். ஆனால் மரப்பொந்தில் தாயும் குஞ்சும் சேர்ந்து குடியிருக்கிறதென்றால் பீசிலோதீரியா வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்தச் சிலந்தி காட்டில் கிடையாது. கடித்தால் ஆள் செத்ததாகப் பதிவில்லை, ஆனால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் ஆளைப் போட்டு வதைக்கும்.

இந்த வகையில் ஒன்று நம் ராமேஸ்வரத்துக்காரர். தீவிலுள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரை வைத்து, 2004-இல் பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயரிட்டார்கள். புளியும் பனையும் தென்னையும் மிஞ்சி நிற்கிற தோப்புகளே அதற்கு வீடு. 2008-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிட்டது. இதே வகையில் இன்னொன்று, ஆந்திரத்துக் குத்தி ரயில் நிலையத்து மரக்கட்டையில் கிடைத்த நீலச் சிலந்தி. அதைப் பற்றி 1899-இல் விலங்கியலாளர் போகாக் எழுதினார். அதற்குப் பிறகு நூறு வருடம் கழித்து, 2001-இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில்தான் அது மறுபடி கண்ணில் பட்டது. இன்று வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைகளில் அதற்கு நல்ல கிராக்கி. இங்கே அதன் காடு சுருங்கிக்கொண்டே வருகிறது.

குஞ்சை எடுக்க வருகிறவன் கையோடு கம்பியைக் கொண்டுவந்து பட்டையைப் பெயர்ப்பான். அப்படி ஒரு பொந்து விழ மரத்துக்கு எத்தனை பத்தாண்டு ஆனதோ! இரண்டு குஞ்சோடு அந்தக் குடியிருப்பே போய்விடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுமலைத் தம்பிக்கும் சேர்த்துத்தான். 2019-இல் பீசிலோதீரியா முழுவதும், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்கு வந்துவிட்டது. மெக்சிகோவின் பிராக்கிபெல்மா டரான்டுலா வகை அதற்கு வெகு முன்பே பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரை வீட்டில் வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்று 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த தபால் பொட்டலம் ஒன்றைச் சுங்கத் துறை பிரித்தது. 107 சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி. முகவரி, நமக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள அருப்புக்கோட்டை. உரிமமும் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. வந்த வழியே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். தம்பி, உங்கள் குஞ்சுக்குத் தாள் இல்லையென்றால் விற்றவரிடம் இன்றே கேளுங்கள். தட்டிக்கழித்தால் வனத்துறையிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

பேரையூர்க்காரரே, விலை பேச வருகிறவரிடம் மரத்தைக் காட்டாதீர்கள். இரவில் டார்ச் அடித்தால் தாய் பொந்து வாசலுக்கு வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பட்டையில் கை வைக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், என்ன இனமென்று பார்த்துச் சொல்கிறேன்.