காதுக்கு எழுதுவது எப்படி?

காலேஜ் பாட்காஸ்ட்டில் நியூஸ் சொல்லப் போறீங்களா? மைக் வாங்குறதுக்கு முன்னாடி, ரேடியோ செய்தி எப்படி எழுதுறாங்கன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

பேப்பர் படிக்கிறவர் புரியலைன்னா அதே வரியைத் திரும்பப் படிப்பார். ரேடியோ கேட்கிறவருக்கு அது முடியாது. பாட்காஸ்ட்டில் ரீவைண்ட் இருக்கு, ஆனா பஸ்ஸில் நின்னுக்கிட்டு கேட்கிறவர் அதைத் தொட மாட்டார்.

ஒரு கற்பனைச் செய்தி:

"மாணவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து நேற்று கூடிய ஆட்சிக்குழுவில், 3,980 ரூபாய் ஹாஸ்டல் கட்டண உயர்வு இந்த ஆண்டு அமலுக்கு வராது என முடிவானது."

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'வரும்', 'வராது' ரெண்டும் வாக்கிய முடிவில். அந்த நொடியில் ஒரு ஹார்ன் அடிச்சா, செய்தியே தலைகீழ். இப்போ இதைப் பாருங்க:

"ஹாஸ்டல் கட்டணம் இந்த வருஷம் உயராது. ஆட்சிக்குழு நேற்று இதை முடிவு செய்தது. சுமார் 4,000 ரூபாய் உயர்த்தும் திட்டம் இருந்தது. மாணவர்கள் அதை எதிர்த்தார்கள்."

ஒரு வாக்கியம், ஒரு தகவல். எண்ணை முழுசாக்குங்க. யார் சொன்னார் என்பதை முதலில் வையுங்க. "என்று வார்டன் கூறினார்" கடைசியில் வந்தா, அதுவரை அதை நீங்களே சொல்றதாத்தான் கேட்கிறவர் நினைப்பார்.

அடுத்தது பொறுப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கியது. 90.4 மெகாஹெர்ட்ஸ். ஆனா இந்தியாவில் சமுதாய வானொலியும் தனியார் எஃப்.எம்.-மும் சொந்தமா செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஒலி அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்ன பிறகும் நிலைமை இதுதான்.

பாட்காஸ்ட்டுக்கு அலைவரிசை லைசென்ஸ் தேவையில்லை. சுதந்திரம் அதிகம். அதே சமயம், உங்களைத் தடுத்து "இது உறுதியா?" என்று கேட்க நியூஸ் ரூமில் இருக்கும் எடிட்டர் இங்கே இல்லை. ஒரு ராகிங் புகார் வருதுன்னு வையுங்க. வாட்ஸ்அப்பில் வந்த பேரை மைக்கில் சொன்னா, தப்பே செய்யாத ஒருத்தன் மாட்டலாம். அவதூறு சட்டம் பேச்சுக்கும் பொருந்தும். எபிசோடை டெலிட் செய்யலாம், ஃபார்வர்ட் ஆனதை முடியாது.

ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். துணி மடிச்சுக்கிட்டு இருக்கும் ரூம்மேட்டிடம் ஸ்கிரிப்ட்டை ஒரே தடவை வாசிங்க. அப்புறம் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அவர் எங்கே தடுமாறுறாரோ, அந்த வரியை மாத்துங்க.