பாலிசி போட்டாச்சு, பழைய சர்வர் என்ன ஆகும்?

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலோ அரசுப் பொறியியல் கல்லூரியிலோ படித்துவிட்டு கிளவுட் வேலை தேடுகிறீர்களா? சர்டிஃபிகேட் எல்லோரிடமும் இருக்கிறது. இன்டர்வியூவில் ஆளைப் பிரித்துக் காட்டுவது இந்த மாதிரிக் கேள்விதான்: "இன்றைக்கு கவர்னன்ஸ் பாலிசி போட்டால், ஏற்கெனவே ஓடும் ரிசோர்ஸ் என்ன ஆகும்?" "நின்றுவிடும்" என்று சொன்னால் வாய்ப்பு போச்சு.

1. பழையதை இடிக்காது. அஸூரில் 'டெனை' பாலிசி போட்டாலும் பழைய விர்ச்சுவல் மெஷின் ஓடும். ரிப்போர்ட்டில் 'நான்-கம்ப்ளையன்ட்' என்று மட்டும் ஏறும். விதிக்கு ஒத்துவராத அப்டேட் செய்யப் போனால் தடுக்கும். புதுக் கட்டட விதிக்காகச் செட்டிநாட்டு வீட்டை யாரும் இடிப்பதில்லை. மாடி எடுக்க அனுமதி கேட்கும்போதுதான் விதி குறுக்கே வரும்.

2. தானாகத் திருந்தாது. 'மாடிஃபை', 'டிப்ளாய் இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' பாலிசிகள் புதிதாக வருவதைத் தாமே சரிசெய்யும். பழையதற்கு ரெமிடியேஷன் டாஸ்க் ஓட்ட வேண்டும். அதற்கு மேனேஜ்ட் ஐடென்டிட்டியும் உரிய ரோலும் தேவை.

3. ஏடபிள்யூஎஸ் கணக்கு வேறு. அங்குள்ள எஸ்சிபி (சர்வீஸ் கண்ட்ரோல் பாலிசி) எந்த ரிசோர்ஸையும் ஸ்கேன் செய்யாது. மெம்பர் அக்கவுண்டில் யார் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் வரம்பு கட்டும். மும்பை தவிர மற்ற ரீஜன்களைத் தடுத்தால், சிங்கப்பூரில் ஓடும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். பில்லும் ஏறும். அதை நிறுத்தும் உரிமையும் உங்கள் டீமுக்குப் பறிபோகலாம். ஆகவே முதலில் பழையதை ஒழித்துக்கட்டுங்கள், பிறகு தடை போடுங்கள்.

4. எடுத்த எடுப்பில் 'டெனை' வேண்டாம். முதலில் 'ஆடிட்'. அஸூரின் வழக்கமான ஸ்கேன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. அவசரமென்றால் ஆன்-டிமாண்ட் ஸ்கேன் விடலாம். விலக்கு கொடுத்தால் காலாவதித் தேதியோடு கொடுங்கள்.

5. பாலிசி எதற்கு என்ற காரணத்தையும் பேசுங்கள். லாக்குகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைக்கச் சொல்கிறது செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு. பழைய சர்வர் என்று அதில் சலுகை கிடையாது. சட்டம் பழையதையும் கேட்கிறது. கிளவுட் பாலிசி பழையதை விட்டுவைக்கிறது. இந்த இடைவெளியை அடைப்பவருக்குத்தான் சம்பளம்.

இந்த வாரமே அஸூர் ஃப்ரீ அக்கவுண்டில் டேக் இல்லாத ஸ்டோரேஜ் ஒன்றை உருவாக்குங்கள். அப்புறம் டேக் கட்டாயம் என்று பாலிசி போட்டு, அந்த ஸ்டோரேஜை அப்டேட் செய்து பாருங்கள். வரும் எரரை ஸ்க்ரீன்ஷாட்டோடு கிட்ஹப்பில் ஏற்றி, ரெஸ்யூமேவில் லிங்க் கொடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அதைச் செய்வதற்குள் நீங்கள் செய்துவிடுங்கள்.