வேலை முடிந்தும் கிளம்பாத அம்பாசிடர்

எஞ்சினை இறக்கி, போர் செய்து, கிராங்கைக் கிரைண்டிங் கொடுத்து, புது பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டு ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. உடனே பல ஷெட்டுகளில் செல்ஃபை விடாமல் அடிப்பார்கள். பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு அடிப்பார்கள். பிறகு காயிலை மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றுவார்கள்.

தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் நாம் தடவிய எண்ணெயைக் கழுவிவிடும். ரிங் பதிவதற்கு முன்பே சுவரும் ரிங்கும் உலர்ந்து உரசும். செலவழித்துச் செய்த போர் வேலை ஒரே மாலையில் வீணாகலாம். ஒரு முறை செல்ஃப் அடித்தால் பத்து விநாடிக்கு மேல் போகக்கூடாது. அடுத்த முறைக்கு முன் செல்ஃப் ஆற நேரம் கொடுங்கள்.

உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை இன்றும் பலர் ஆசையாகப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். கீழே வரும் அளவுகள் அந்த எஞ்சினுக்கு உரியவை. சோதிக்கும் வரிசை பாயின்ட் வைத்த எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். வேலைக்கு முன் ஓடிய எஞ்சின் வேலைக்குப் பின் ஓடவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நாம் கழற்றி மாட்டிய இடத்தில்தான் இருக்கும். புதுச் சாமான் வாங்குவதற்கு முன் அந்த இடங்களைத் தேடுங்கள்.

செல்ஃப் திணறினால் முதலில் எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாமல் அதற்கு நல்ல எர்த் கிடையாது. ஏற்றும் அவசரத்தில் அதை மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடானால், கரண்ட் அதன் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது பத்துக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரியையோ முனைகளையோ சரிசெய்யுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். புது எஞ்சின் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் சீராகச் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் வந்து முட்டி நின்றால் பலம் காட்டாதீர்கள். பேரிங் கேப் இடம் மாறியிருக்கலாம்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, காயில் வயரையும் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை அல்லது விளக்கு அணையும்வரை செல்ஃபை விட்டுவிட்டு அடியுங்கள். பிரஷர் வராமல் இந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அடுத்தது நெருப்பு. ஒரு சாதாரண 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். டெல்கோவின் பக்கவாட்டில் காயில் வயர் சேரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அதைக் கொடுத்து, சாவியைப் போட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். பாயின்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. புதுப் பாயின்டைத் துடைக்காமல் போட்டால் இப்படி ஆகும். எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயின்ட் முனையில் வைக்க வேண்டிய இன்சுலேஷன் வாஷர் தப்பாக உட்கார்ந்து ஷார்ட் ஆகிறது. பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக்குக்கு 0.025.

பிளக்கில் நல்ல நீல நெருப்பு வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையா? கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ வெடித்துத் துப்புகிறதா? அப்படியானால் டைமிங்கில் தவறு இருக்கிறது. வேலை முடித்த எஞ்சின்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான், இங்கே அவசரப்படக் கூடாது. பிஸ்டன் ஒரு சுற்று வேலைக்கு இரண்டு முறை உச்சிக்கு வரும்: கம்பிரஷன் முடிவில் ஒரு முறை, புகையைத் தள்ளி முடிக்கையில் ஒரு முறை. கிராங்க் புல்லியின் வெட்டுக்குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். குறியை மட்டும் நம்பி டெல்கோவின் டிரைவ் கியரை இறக்கியவர் பாதிக்குப் பாதி தவறிவிடுவார். டெல்கோவின் அடிநாக்கு நடு விலகி இருப்பதால் அதைத் திருப்பி மாட்ட முடியாது. பிழை கியரில்தான் நேர்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. ராக்கர் கவரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். குறி சேரும் நேரத்தில் நாலாம் சிலிண்டரின் இரு ராக்கர்களையும் பாருங்கள். ஒரு வால்வு மூடிக்கொண்டே வர, மற்றது திறக்கத் தொடங்கினால், ஒன்றாம் சிலிண்டர் கம்பிரஷன் உச்சியில் நிற்கிறது. இப்போது டெல்கோ மூடியைத் தூக்கி, ரோட்டார் எந்த முனையைக் காட்டுகிறது என்று பாருங்கள். அங்கேதான் ஒன்றாம் பிளக்கின் வயர் வர வேண்டும். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில், இந்த எஞ்சினில் இடஞ்சுழியாக, 1-3-4-2 என்று மாட்டுங்கள். ரோட்டார் நேர் எதிர்முனையைக் காட்டினால் கியரைக் கழற்றத் தேவையில்லை. நான்கு வயரையும் இரண்டிரண்டு முனை தள்ளி மாட்டினாலே வண்டி குறையில்லாமல் ஓடும்.

அதே நிலையில் செயினையும் சோதிக்கலாம். நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஏறக்குறைய சமமாகச் சற்றே திறந்திருக்க வேண்டும். ஒன்று நன்றாகத் திறந்தும் மற்றது முழுக்க மூடியும் நின்றால், செயின் பல் தள்ளி விழுந்திருக்கிறது. முன் கவரைக் கழற்றி, இரு பல்சக்கரத்துப் புள்ளிகளும் எதிரெதிரே நிற்கின்றனவா என்று பார்க்காமல் வேறு வழியில்லை.

பெட்ரோலுக்கு அதிக நேரம் வேண்டாம். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டுப் பாருங்கள். காயில் வயர் கழன்றிருக்கட்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பம்பின் இரண்டு குழாய்களும் இடம் மாறியிருக்கின்றனவா, மேனிஃபோல்டில் தூசி விழாமல் அடைத்த துணி உள்ளேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளக் நனைந்து வந்தால் சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து அடிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லை என்றால் கம்பிரஷன் கேஜைப் போடுங்கள். எல்லாப் பிளக்கும் வெளியே, திராட்டில் முழுக்கத் திறந்து. ரிங் பதியாததால் எண் சற்றுக் குறையலாம். நான்கும் ஒத்து வந்தால் கவலை இல்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எல்லாமே மோசமாக இருந்தால் முதலில் டேப்பெட்டைப் பாருங்கள். வால்வு சீட்டை வெட்டியபின் வால்வு உள்ளே இறங்கி அதன் தண்டு மேலே எழும்பும். பழைய செட்டிங் வால்வை முழுக்க மூட விடாது. இடைவெளி 0.015 அங்குலம், எஞ்சின் குளிர்ந்த நிலையில். முன்னிருந்து எண்ணினால் எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கையில் முதலாவதை வையுங்கள், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. டேப்பெட் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். புது கேம், டேப்பெட் போட்டிருந்தால் சுமார் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓடட்டும். கண் ஆயில் பிரஷரிலும் வெப்ப முள்ளிலும் இருக்கட்டும். ஆறியபின் ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கி, டேப்பெட்டையும் மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றிவிடுங்கள்.