வேப்பம்பூ தேனுக்கு மாசியிலேயே வேலை

நம்ம கீழ்பென்னாத்தூர் பக்கம் பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். புங்கனும் அதையொட்டி வரும். அப்போது பெட்டியில் வெளியே போய்வரும் தேனீக்கள் நிறைய இருந்தால்தான் தேன் சேரும்.

அடுக்குத் தேனீயில் வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர சுமார் 20 நாள். பிறகு இரண்டு, மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே புழுவுக்கு ஊட்டும், அடை கட்டும். அப்புறம்தான் பூவுக்குப் போகும். ஆக மொத்தம் 40 நாள். பேங்க் பாஷையில் சொன்னால், பங்குனிக் கடைசியில் முதிர்கிற டெபாசிட்டை மாசி நடுவிலேயே போட்டாகணும்.

செய்ய வேண்டியவை:

1. பார்வை: வாரம் ஒருமுறை, காலை இளவெயிலில் பெட்டியைத் திறங்கள். ராணியைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம். அறைகளில் புது முட்டை தெரிந்தால் போதும், ராணி இருக்கிறது.

2. தீனி: அடையில் தேன் இருப்பு குறைந்திருந்தால் மட்டும், ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து சாயங்காலம் உள்ளே வையுங்கள். வெளியே சிந்தினால் அடுத்த பெட்டித் தேனீ திருட வரும்.

3. சுத்தம்: தேனீ மொய்க்காத கறுத்த பழைய அடையில் மெழுகு அந்துப்பூச்சி ஏறும், எடுத்துவிடுங்கள். அடிப்பலகையைத் துடையுங்கள். எறும்புக்கு, ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

4. கூட்டம் பிரிதல்: ஆள் பெருகினால் பாதிக் கூட்டம் பழைய ராணியோடு பறந்துவிடும். பூ வரும் நேரத்தில் பெட்டி காலி! அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை மாதிரி தொங்குவது ராணி அறை. முட்டையிட்ட எட்டு, ஒன்பது நாளில் அது மூடப்படும். அதையொட்டிக் கூட்டம் கிளம்பும். அதனால்தான் வாரம் தவறாமல் பார்க்கணும். பழைய ராணியைப் பாதி அடைகளோடு புதுப் பெட்டிக்குத் தள்ளி மாற்றிவிட்டு, பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விடுங்கள். கூட்டமும் போகாது, பெட்டியும் இரண்டாகும்.

5. நோய்: புழு பை மாதிரி நீர் கோத்துச் செத்திருந்தால் அது தாய் சாக்புரூட் வைரஸ். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது.

கீழ் அறைச் சட்டங்கள் நிறைந்ததும் மேலே தேனறையை வையுங்கள். அதற்கு முன்பே சர்க்கரைத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் தேனறையில் சேர்வது சர்க்கரைப் பாகுதான். நம்மை நம்பி வாங்குகிறவருக்கு அதைத் தேன் என்று கொடுக்கலாமா?